பதினாறு மூட்டை மணிச்சத்து

அத்தியாயம் 11

வடிவேலுவைத் திருடன் என்று சொல்லி மயிலாப்பூர் பங்களாவின் கேட்டைச் சாத்தி இன்றோடு ஐந்து நாள். இந்த வாரம்தான் நம்மோடு வந்து சேர்கிறவர்களுக்காக நடந்ததை ஒரு மூச்சில் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கஸ்தூரிரங்கன் வீட்டுத் தோட்டத்தில் பத்தொன்பது வருஷமாக வேலை பார்ப்பவர் வடிவேலு. அங்கே மதிலோரம் வரிசையாக நிற்கும் இட்லிப்பூச் செடிகள் இரண்டு வருஷமாக மஞ்சளடித்துக்கொண்டே வந்தன. செடிக்குச் சத்துப் போதவில்லை என்று கஸ்தூரிரங்கனே முடிவு செய்து, சூப்பர் பாஸ்பேட் உரமாக வாங்கி இறக்கினார். மொத்தம் பதினாறு மூட்டை. மஞ்சள் போகவில்லை. கடைசியில் மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்பினார். மணிச்சத்து குறைவு என்று முடிவு வந்தது. மணிச்சத்து என்றால் பாஸ்பரஸ். அந்த உரத்தில் இருப்பதே அதுதான். பதினாறு மூட்டை போட்ட மண்ணில் அது எப்படிக் குறையும்? போடவில்லை, வெளியே விற்றுவிட்டான் என்று தீர்ப்பு எழுதினார் பெரிய மனிதர். அதையும் வீட்டுக்குள் வைத்துச் சொல்லவில்லை. வாசலில், தெருவே கேட்கும்படி சொன்னார்.

வெளியார் சொன்னது போகட்டும். அன்று சாயங்காலம் பெரும்பாக்கம் குடியிருப்பின் ஆறாவது மாடியில், சொந்த மகள் அன்புக்கரசி, "மூட்டைய யார்க்கு குடுத்த நைனா?" என்று கேட்டாளே, அதுதான் வடிவேலுவுக்குத் தொண்டைக்குள் இறங்கவில்லை. அன்றிலிருந்து மகளோடு பேச்சு இல்லை. அவள் போட்டால் சோறும் இல்லை.

அன்புக்கரசி தரமணியில் ஒரு தனியார் மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறவள். எண் பொய் சொல்லாது என்று நம்புகிறவள். அப்பா பொய் சொல்லமாட்டார் என்பதையும் நம்பியிருக்கலாம். நம்பவில்லை. எந்த லேபில் சோதித்தார்கள் என்றாவது கேட்டிருக்கலாம். அதுவும் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு அவள் தலை வாரிக்கொண்டிருந்தபோது, குளியலறையிலிருந்து அம்மா வேலம்மா ஈரக் கையோடு வந்தாள்.

"இத்த இன்னான்னு பாரு. உங்கப்பன் சட்டப் பாக்கெட்ல இருந்துச்சி. தண்ணில முக்கப் போனேன்."

நாலாக மடித்த ஒரு காகிதம். அன்புக்கரசி பிரித்தாள். மேலே அவள் லேபின் பெயர். மாதிரி எண் 417. வாடிக்கையாளர் கஸ்தூரிரங்கன். மணிச்சத்து ஏக்கருக்கு 3.1 கிலோ, குறைவு. பரிந்துரை: சூப்பர் பாஸ்பேட் இடவும்.

அடியில், பொடி எழுத்தில், பரிசோதித்தவர் வ. அன்புக்கரசி. பக்கத்தில் அவளே போட்ட கையெழுத்து.

அவள் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். லேபில் அவர்கள் கைக்கு வருவது எண் ஒட்டிய பையும் மண் வகை எழுதிய சீட்டும் மட்டும்தான். யார் வீட்டு மண் என்பது முன்பக்கம் மேஜையில் உள்ள பதிவேட்டோடு நின்றுவிடும். அப்பாவின் மண்ணை அவள் கையாலேயே கலக்கி, அவள் கையாலேயே எழுதிக் கொடுத்திருக்கிறாள்.

"நைனா எங்கம்மா?"

"எப்பவும் போல ஆறு மணிக்கே கெளம்பிட்டாரு. வேல போச்சின்னு இங்க யார்க்கும் தெரியக் கூடாதாம். பொழுதன்னிக்கும் மந்தவெளி டேஷன்ல குந்திக்கினு கீறாராம். எதுத்த வூட்டு மேகலா பாத்துட்டு வந்து சொன்னா." வேலம்மா முந்தானையில் கையைத் துடைத்தாள். "அதுல இன்னா எழுதிக் கீது?"

"ஒண்ணுமில்ல. லேப்ல கேட்டுட்டு வந்து சொல்றேன்."

அப்பா இதைப் படித்திருப்பாரோ என்று ஒரு கணம் பயந்தாள். உடனே ஒரு சமாதானமும் கிடைத்தது. அவருடைய கண்ணாடி உடைந்து இரண்டு மாதமாகிறது. கண்ணாடி இல்லாமல் பஸ் நம்பரையே பக்கத்தில் நிற்கிறவரைக் கேட்டுத்தான் ஏறுகிறார். இந்தப் பொடி எழுத்தா தெரிந்திருக்கப் போகிறது? இப்படிச் சொல்லிக்கொண்டு கொஞ்சம் நிம்மதியாக மூச்சு விட்டாள். பாவம், சாயங்காலம் வரைக்கும்தான் அந்த நிம்மதி.

சோதித்த மண்ணை மூன்று மாதம் எடுத்து வைப்பது லேபின் வழக்கம். 417 மூன்றாவது அலமாரியில் இருந்தது. கூடவே சீட்டும் இருந்தது. மண் வகை என்ற இடத்தில் கஸ்தூரிரங்கனின் கையெழுத்தில் 'செம்மண்'.

அதைப் பார்த்ததும் அந்த மண்ணைச் சோதித்த வெள்ளிக்கிழமை அவளுக்கு ஞாபகம் வந்தது. மாதக் கடைசி. கார அமிலம் பார்க்கும் மீட்டர் பழுதுக்குப் போயிருந்தது. சாயங்காலத்துக்குள் எல்லா ரிப்போர்ட்டும் போயாக வேண்டும் என்று மேலாளர் ஸ்ரீஹரி இரண்டு தடவை வந்து சொல்லிவிட்டுப் போனார். மணிச்சத்துப் பார்க்க இரண்டு கரைசல் உண்டு. புளிப்பு மண்ணுக்கு அமிலக் கரைசல். சுண்ணாம்பு மண்ணுக்கு, ஆப்பத்துக்குப் போடுகிறோமே, அந்தச் சோடா உப்பில் செய்கிற கரைசல். மீட்டரில் பார்த்த பிறகே எது என்று முடிவு செய்ய வேண்டும். செம்மண் பெரும்பாலும் புளிப்பாகத்தான் இருக்கும் என்று சீட்டை மட்டும் பார்த்து அமிலத்தில் போட்டவள் அவள்.

இன்று மண்ணில் கொஞ்சம் தட்டில் கொட்டி, இரண்டு சொட்டு அமிலம் விட்டாள். மண் நுரைத்துப் பொங்கியது. சுண்ணாம்பு. மீட்டரில் வைத்தாள். 8.3 காட்டியது. ஏழைத் தாண்டினாலே அது புளிப்பு மண் இல்லை.

அவளுக்கு அந்தத் தோட்டம் தெரியும். சின்ன வயதில் பள்ளி விடுமுறைக்கு அப்பாவோடு போயிருக்கிறாள். பங்களாவின் பின்கட்டை இடித்தபோது பழைய சுண்ணாம்புக் காரையை அப்படியே மதிலோரம் பரப்பி, அதன்மேல் நாலு லாரி செம்மண் கொட்டினார்கள். மேலே பார்க்கச் சிவப்பு. மண்வெட்டி நுழைந்தால் காரை. கஸ்தூரிரங்கனுக்கு மேல் நிறம் போதுமானதாக இருந்திருக்கிறது. அவளுக்கும்தான்.

சோடா உப்புக் கரைசலில் மண்ணைப் போட்டு அரை மணி நேரம் குலுக்கினாள். வடிகட்டினாள். நிறம் ஏற்றும் மருந்தைச் சேர்த்தாள். மணிச்சத்து எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு நீலம் ஏறும். அன்று 417இன் குழாயில் லேசான ஒரு சாயை மட்டும் ஏறியிருந்தது. இன்று ஏறிய நீலத்தின் அடர்த்தியைக் கருவியால் படிக்கவே முடியவில்லை. பத்து மடங்கு தண்ணீர் சேர்த்த பிறகுதான் எண் வந்தது.

ஏக்கருக்கு 61 கிலோ. ஒன்பதைத் தாண்டினாலே அதிகம் என்று எழுதுகிற கணக்கில் அறுபத்தொன்று.

அப்பா ஒரு பிடி உரம்கூட வெளியே கொடுக்கவில்லை. பதினாறு மூட்டையும் மண்ணுக்குள் இருந்தது. அன்புக்கரசி குழாயைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள். பக்கத்து மேஜைப் பெண் வந்து தோளைத் தொட்டபோதும் நிறுத்த முடியவில்லை.

ஸ்ரீஹரி கெட்டவர் இல்லை. தன் நாற்காலி முதலில் என்று நினைக்கிற, நாலு பேரைப் போன்ற மனிதர்.

"சுண்ணாம்பு மண்ணுல அமிலக் கரைசலப் போட்டா, சுண்ணாம்பு அந்த அமிலத்தையே முடிச்சுடும். மணிச்சத்த எடுக்க எதுவும் மிஞ்சாது. இல்லாத மாதிரிதான் காட்டும். நீ டெஸ்ட் பண்ண ஆரம்பிச்சு ஆறு வருஷமாச்சு. உனக்குத் தெரியாதா?"

"தெரியும் சார். தப்பு என்னுதுதான். திருத்தின ரிப்போர்ட் குடுங்க. இன்னிக்கே கொண்டுபோய்க் குடுத்துடறேன்."

ஸ்ரீஹரி எழுந்து கதவைச் சாத்தினார். "நம்ம லேபுக்கு அங்கீகாரம் குடுக்கலாமான்னு பாக்க ஆள் வர மாசம் இது. திருத்தின ரிப்போர்ட் ஒண்ணு வெளிய போனா, அன்னிக்குப் போட்டதெல்லாம் தோண்டுவாங்க. அந்த பேட்ச்ல எத்தன இருந்துச்சு?"

"பதினாலு."

"பதினாலு." அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "அன்பு, நான் சொல்றதக் கேளு. இன்னும் ஒரு மாசம் சும்மா இரு. அப்புறம் மெதுவாப் பாத்துக்கலாம்."

"அதுல ஒண்ணு எங்கப்பா வேல செஞ்ச தோட்டம் சார். அவர திருடன்னு தொரத்திட்டாங்க."

ஸ்ரீஹரி வருத்தப்பட்டார் என்றே தோன்றியது. வருத்தம் வேறு, முடிவு வேறு.

"லெட்டர்ஹெட்ல தர முடியாது. நீயா எழுதிக் குடுத்தேன்னு தெரிஞ்சா, நாளைக்கு வர வேண்டாம்."

அவள் வெளியே வந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்தாள். மாதிரி 417, முதல் சோதனையில் தவறான கரைசல் பயன்படுத்தப்பட்டது, தவறு என்னுடையது, மணிச்சத்து 61 கிலோ, மிக அதிகம் என்று எழுதி, முழுப் பெயரையும் போட்டுக் கையெழுத்திட்டாள். தரமணியில் பறக்கும் ரயில் ஏறி மந்தைவெளியில் இறங்கினாள். பிளாட்பாரத்தின் கடைசிப் பெஞ்சில் அப்பாவின் முதுகு தெரிந்தது. காலடியில் வயர் கூடை. கூப்பிடவில்லை. வெறும் வாயோடு போய் என்ன சொல்வது என்று படியிறங்கிவிட்டாள்.

பங்களா கேட் திறந்து கிடந்தது. மதிலோரம் நீலச் சட்டை போட்ட ஒப்பந்த ஆள்கள் இரண்டு பேர் இருந்தார்கள். இட்லிப்பூச் செடிகளில் நரம்பு மட்டும் பச்சையாக, மற்றதெல்லாம் வெளுத்த மஞ்சள். பாதிச் செடி நுனியிலிருந்து காய்ந்திருந்தது. ஒரு ஆள் மூட்டை ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தான். மறுபடியும் சூப்பர் பாஸ்பேட். அவள் எழுதிய பரிந்துரைதான்.

"அண்ணே, அத்த போடாதீங்க. ஒரு அஞ்சு நிமிஷம் நில்லுங்க."

வராந்தாவிலிருந்து கஸ்தூரிரங்கன் எட்டிப் பார்த்தார். அடுத்த மாதம் அவருக்கு எண்பது நிறைந்து சதாபிஷேகம். அமெரிக்காவிலிருந்து பிள்ளைகள் வருவதற்குள் தோட்டம் பச்சையாக வேண்டும் என்ற அவசரம்.

"யாரும்மா நீ? எதுக்கு வேலையை நிறுத்தறே?"

"வடிவேலு பொண்ணு சார்."

அவர் முகம் சுருங்கியது. "சிபாரிசுக்கு வந்திருக்கியா? பத்தொன்பது வருஷம் நம்பினேன். இந்த ஆத்துல அவன் சாப்பிடாத நாள் கிடையாது. அதுக்கப்புறமும் இப்படிப் பண்ணினான்னா நான் என்ன பேசறது?"

அவள் இரண்டு காகிதங்களையும் நீட்டினாள். பழையதையும் புதியதையும். நடந்ததைச் சுற்றி வளைக்காமல் சொன்னாள். செம்மண்ணுக்குக் கீழே காரை, தப்பான கரைசல், பொய்யான எண். மணிச்சத்து அளவுக்கு மிஞ்சிப் போனால் இரும்புச் சத்தையும் துத்தநாகத்தையும் செடி எடுத்துக்கொள்ளாது, அதனால்தான் மஞ்சள் என்றும் சொன்னாள்.

"ஒவ்வொரு மூட்டை போடப் போட இன்னும் மஞ்சளாச்சி சார். அத்தப் பாத்து நீங்க அடுத்த மூட்ட வாங்கினீங்க. இனிமே அஞ்சாறு வருஷத்துக்கு இந்த மண்ணுக்கு மணிச்சத்தே வேணாம். இரும்புச் சத்துக்கு அன்னபேதி உப்பையும், கூடவே துத்தநாக உப்பையும் தண்ணில கரைச்சி இலை மேல தெளிச்சா, மிச்சம் கீற செடிங்க பொழைக்கும்."

கஸ்தூரிரங்கன் இரண்டு காகிதத்தையும் மாற்றி மாற்றிப் படித்தார். ஒப்பந்த ஆளைப் பார்த்துக் கையால் நிறுத்தச் சொன்னார். அந்த அளவுக்கு நேர்மை அவரிடம் இருந்தது.

"சரி. மூட்டையை அவன் எடுக்கலை. ஒத்துக்கறேன்." தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "ஆனா செடி செத்தது செத்ததுதானே? போட்டவன் அவன்தானே?"

"போடச் சொன்னது நீங்க சார். வேணாங்கய்யா, இன்னும் போட்டா எரிஞ்சிடும்னு எங்கப்பா பத்தாவது மூட்டைலயே சொன்னாரு. வூட்ல வந்து பொலம்பினது எனக்கு ஞாபகம் கீது."

இரண்டு வருஷ கான்ட்ராக்ட் கொடுத்தாகிவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று அவர் தோட்டத்தைப் பார்த்தபடி சொன்னார்.

"வேல வேணாம் சார். வாசல்ல வெச்சி சொன்னீங்க. பக்கத்து ரெண்டு வூட்லயும் எங்கப்பா காலைல செடிக்குத் தண்ணி ஊத்திக்கினு இருந்தாரு, அவங்களும் நிறுத்திட்டாங்க. அவங்க கிட்டயாவது திருடலன்னு ஒரு வார்த்த சொல்லுங்க."

"அதெல்லாம் நானாப் போய் எப்படிம்மா சொல்றது?" என்று தொடங்கியவர், கையிலிருந்த பழைய ரிப்போர்ட்டின் அடியைப் பார்த்து நிறுத்தினார். "இது நீயா? வ. அன்புக்கரசி?"

"ஆமா சார்."

கஸ்தூரிரங்கன் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அன்னிக்கு இந்த வாசல்ல அவன் போட்ட சத்தம் உனக்குத் தெரியாது. ரிப்போர்ட் பொய்யி, எந்த லேபு சொல்லுங்க, நானே போய்க் கேக்கறேன்னு குதிச்சான். இந்தா நீயே பாருன்னு இதை நீட்டினேன். கண்ணு தெரியலைன்னான். என் கண்ணாடியைக் கழட்டிக் கொடுத்தேன். போட்டுண்டு கடைசி வரைக்கும் படிச்சான். அதோட சரி. கண்ணாடியைக் கொடுத்துட்டு, இந்தப் பேப்பரை நான் எடுத்துக்கட்டுமான்னு கேட்டான். வேற ஒரு வார்த்தை பேசலை." அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "குத்தம் செஞ்சவன்தான் அப்படி வாயை மூடிப்பான்னு நினைச்சேன். அதனாலதான் போகச் சொன்னேன்."

அன்புக்கரசி எப்படி கேட்டைத் தாண்டினாள், எந்தத் தெரு வழியாக நடந்தாள் என்பது அவளுக்கே தெரியாது. கால் பழக்கத்தில் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

வடிவேலு அதே பெஞ்சில் இருந்தார். அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். நடுவில் வயர் கூடை. காலையில் வேலம்மா கட்டிக் கொடுத்த டிபன் பாக்ஸ் திறக்கப்படாமல் இருந்தது.

"நைனா."

அவர் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"திரும்பவும் டெஸ்ட் பண்ணேன். பதினாறு மூட்டையும் மண்ணுலதான் கீது."

"போட்டவனுக்குத் தெரியாதா?"

ஐந்து நாளைக்குப் பிறகு அவளிடம் அவர் சொன்ன முதல் வார்த்தை.

"என் பேரப் பாத்துட்டுத்தான் வாய மூடிக்கினியா?"

வடிவேலு உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டார். "மூட்டைய என் தோள்ல தூக்கினேன். அப்போ தப்பு பேப்பருலதான். பேப்பர்ல உன் பேரு கீது. சத்தம் போட்டா உன் வேல போவும். நான் இன்னா பண்றது?"

"வூட்டுக்கு வந்து என்கிட்ட மட்டும் சொல்லி இருக்கலாமே நைனா. அன்னிக்கே சரி பண்ணி இருப்பேனே."

"சொல்லத்தான் வந்தேன். பஸ்ல வரும்போது பூரா அதே நெனப்பு. கோச்சிக்காம சொல்லணும், புள்ள பயந்துரப் போவுதுன்னு." அவர் குனிந்து காலில் கிடந்த செருப்பைப் பார்த்தார். "மாடி ஏறி வந்து செருப்பக்கூட கழட்டல. யார்க்கு குடுத்தன்னு நீ கேட்ட. அதுக்கு அப்பால இன்னாத்த சொல்றது?"

அவள் முகத்தை மூடிக்கொண்டாள். சீட்டை மட்டும் பார்த்துத் தப்பான கரைசலில் மண்ணைப் போட்டதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டாள். அது அவளுக்கே போதவில்லை என்று தெரிந்தது. ஸ்ரீஹரி சொன்னதையும், நாளையிலிருந்து தனக்கு வேலை இல்லை என்பதையும் சொன்னாள். அவர் தலையை மட்டும் ஆட்டினார். எதைக் காப்பாற்ற வாயை மூடினாரோ, அதுவும் போயிற்று.

"செடி?" என்று கேட்டார்.

"பாதி போயிடுச்சி. மிஞ்சினது பொழைக்கும். மணிச்சத்து ஜாஸ்தியாயிதான்…" அவள் முடிக்கவில்லை.

வடிவேலு தன் கைகளைப் பார்த்தார். "அப்போ என் கையாலதான்."

"அவருதான் நைனா போடச் சொன்னாரு."

"போட்ட கை இதுதானே."

தூரத்தில் ரயில் வரும் சத்தம் கேட்டது. வடிவேலு கூடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, எதையோ நினைத்துக்கொண்டவர் மாதிரி அவள் பக்கம் திரும்பினார்.

"அன்னிக்கு அந்தத் தண்ணில எத்தினி மண்ணு போட்ட?"

"பதினாலு."

"மத்த பதிமூணு யார் வூட்டுது?"

"தெரியாது நைனா. எங்களுக்கு நம்பர் மட்டும்தான் வரும்."

"அங்கயும் எவனாவது தோட்ட வேல செஞ்சிக்கினு இருந்திருப்பான்ல."

ரயில் வந்து நின்றது. அவர் எழுந்து, அவளுக்காகக் காத்திராமல் பெட்டியில் ஏறினார். அன்புக்கரசி பின்னாலேயே ஓடி ஏறினாள். உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தாள். பதின்மூன்று பெயர்களும் எழுதிய பதிவேடு தரமணியில் முன்பக்க மேஜையில் இருக்கிறது. இந்த ரயில் தரமணி வழியாகத்தான் போகும். லேபை ஆறு மணிக்குப் பூட்டுவார்கள். அப்போது மணி ஐந்தே கால்.